முப்பத்தேழாம் நம்பர் ஆஜர்

மணி மத்தியானம் பன்னிரண்டரை. கரமனை ஆற்றங்கரைப் பாதை... ஈ காக்கை இல்லை. ராத்திரியில் நடந்த கதை என்றுதானே இப்படி ஒட்டி உட்கார்ந்தீர்கள்? உச்சிப் பொழுதும் அதற்கு ஒன்றும் குறைந்ததில்லை. விளக்கைத் தூண்டாதீர்கள், சொல்கிறேன்.

நடந்தது என் மச்சினனின் பெரியப்பாவுக்கு. பெயர் பூதலிங்கம், நாஞ்சில்நாட்டுக்காரர். யுத்தம் தொடங்கிய வருஷம் திருவனந்தபுரத்தில் பி.எல். படித்தார். கூடவே சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் வேலை. ஊரில் அம்மாவுக்கு உலை ஏற வேண்டுமே. வேலை பார்ப்பவர்களும் படிக்கட்டும் என்று வகுப்பைக் காலை ஏழு மணிக்கு வைத்திருந்தார்கள். மண்டியிலோ ஆறு மணிக்கே வண்டி வந்து மூட்டை இறங்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எத்தனை நாள் நிற்பது?

நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் ஆஜர் இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாவிட்டால் மங்கலம் கிடையாது. மங்கலம் அவருடைய மாமன் மகள். திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. சின்ன வயசிலிருந்தே இவருக்கு அவள்மேல் உயிர். மாமாவோ கறாராகச் சொல்லிவிட்டார்.

"பி.எல். பாஸானவனுக்குத்தான் பொண்ணு. மண்டிக்காரனுக்கு இல்ல, கேட்டியா?"

கைகொடுத்தவன் கூடப் படித்த சேஷன். கரமனை அக்கிரகாரத்துப் பையன். வாத்தியார் தலை நிமிராமல் நம்பர் வாசிப்பார். முப்பத்தேழு என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து, பூதலிங்கத்தின் குரலிலேயே, "பிரசன்ட் சார்" என்பான். அச்சு அசல். வக்கீலாக வேண்டும் என்று அவனுக்கு வெறி. பாவி, தை மாதம் விஷஜுரம் வந்து பத்தே நாளில் போய்விட்டான்.

எரித்த மூன்றாம் நாள் அது. மண்டிப் பாக்கி வசூலிக்க முதலாளி கொடுத்த சீட்டோடு பூதலிங்கம் கரமனைக்கு வந்தார். அந்த உச்சி வெயில்... ஆற்றங்கரை மயானம்... தண்ணீர் தெளித்த சாம்பலின் ஈர வாடை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. சிநேகிதன் போனதற்கு அழுதார், ஆஜர் போனதற்கும் அழுதார். பொய் சொல்வானேன். போனவனிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று நம்மவர்களுக்குத் தெரியாதா? கேட்டுவிட்டார்.

"ஓய் சேஷா... இன்னும் ரெண்டு மாசம் எனக்காகச் சொல்லப்படாதா ஓய்?"

பின்னால் மணலில்... சரக். ஒரே ஒரு காலடி. திரும்பினார். யாரும் இல்லை.

மறுவாரம் கூடப் படித்த அழகியநம்பி மண்டிப் பக்கம் வந்தான்.

"ஏன் ஓய், தெனமும் கடைசி பெஞ்சில தலையக் குனிஞ்சே உக்காருதீரு? கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கீரு. சட்டையில ஒரே சாம்பல் வாடை."

அந்த வாரம் முழுக்க இவர் மண்டியை விட்டு நகரவில்லை. அங்கே உட்காருவது யார் என்று புரிந்துவிட்டது. ஆனாலும்... வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆஜர் ஏறிக்கொண்டே போனது.

பரீட்சை நாளில் முதலாளி விடவில்லை. "போனா அப்படியே போயிடு" என்றார். இவர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். சாயங்காலம் அழகியநம்பி வந்து முதுகில் தட்டினான்.

"என்ன எழுத்து ஓய் அது. தலையே நிமிரல்லியே நீரு."

ரிசல்ட் வந்தது. பூதலிங்கம் பாஸ். சந்தோஷப்பட்டார். ஆமாம், வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார். மாமா ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரட்டும், கல்யாணத்துக்கு நாள் குறித்துவிடலாம் என்று.

அன்றைக்கும் வண்டி தாமதம். மண்டியிலிருந்து கிளம்பவே ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. ஓட்டமும் நடையுமாகப் போய் மாமா வீட்டு வாசலில் நின்றார். உள்ளே சிரிப்புச் சத்தம். நெய் மணம். பப்படம் நொறுங்கியது.

"மாப்பிளைக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு விடு" என்றார் மாமா.

"போதும் மாமா..."

அது பூதலிங்கத்தின் குரல்.

மங்கலம் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இவரைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அத்தான்... நீங்க இங்கயா நிக்கிய? அப்போ உள்ள உக்காந்து சாப்பிடுகது..."

இவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. குரல் வரவில்லை.

உள்ளேயிருந்து அந்தக் குரல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது... மெதுவாக. இவரைப் பார்த்தபடியே அவள் பின்புறமாக அடி வைத்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு பூதலிங்கம் பேசி யாரும் கேட்டதில்லை. இதெல்லாம் அவர் தம்பிக்கு எழுதிக் காட்டியது.

ஆவணியில் மங்கலத்துக்கும் பூதலிங்கத்துக்கும் கல்யாணம் நடந்தது. அன்று முகூர்த்த நேரத்தில் இவர் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.