கனகசபை கடைத் தேதி

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சீனி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

என் மனைவி புனிதவதி சாமியை நம்பியதைவிட அவள் அண்ணன் கனகசபையின் கம்ப்யூட்டரை அதிகம் நம்பினாள். பிரிக்பீல்ட்ஸில் அவனுக்கு ஜாதகக் கடை. நட்சத்திரத்தைத் தட்டினால் இன்று நல்ல நாளா, சந்திராஷ்டமமா என்று மெஷின் அச்சடித்துத் தரும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத ஜோதிடர் அவன் ஒருவன்தான். விருந்துகளில் என்னை "ஸ்க்ரூடிரைவர் மச்சான்" என்றுதான் அறிமுகப்படுத்துவான்.

அந்த மெஷினைப் பழுதுபார்ப்பவன் நான். அலைச்சல் அலுத்துப்போய், தொண்ணூற்று நான்கில் உள்ளே ஒரு கார்டு மாட்டினேன். சுபாங் ஜெயாவில் என் வீட்டிலிருந்தே, டெலிபோன் லைன் வழியாக, மெஷின் எழும்பும்போது அதன் பயாஸுக்குள் நுழையலாம். கண் விழித்ததும் அது தேதி பார்த்துக்கொள்ளும் இடம் அது. அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் அதற்கு இன்று.

முதலில் விளையாட்டுத்தான். கிள்ளானில் மாமியார் வீட்டு விருந்தைத் தவிர்க்கத் தேதியைத் தள்ளினேன். சந்திராஷ்டமம் வந்தது. தாளின் தலைப்பில் ஆகஸ்டுக்குப் பதில் ஜூலை. யாரும் பார்க்கவில்லை.

பிறகு அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்குக் கிளம்பவேண்டிய காலையில் அண்ணனுக்குப் போன் போட்டாள். நான் முந்திக்கொண்டு தேதியை மாற்றியிருந்தேன்.

"கம்ப்யூட்டரு வேணாங்குதுலா. அடுத்த வாரம் போவோம்ங்க."

"ஒங்க அண்ணன் மெஷினு சொன்னா சரிதான்," என்றேன்.

கனகசபை ஒருமுறை அந்தத் தலைப்பைப் பார்த்து அசடு வழியவேண்டும். நான் விரும்பியது அவ்வளவே. அவன் பார்க்கவில்லை. ஆகவே அடுத்த வாரமும் மாற்றினேன். அதற்கடுத்த வாரமும்.

காய்ச்சல் கண்டது. சுருண்டு படுத்தபடி, "அண்ணன்கிட்ட நீங்களே கேளுங்களேன்," என்றாள். கேட்டேன்.

"நாளைக்குப் போங்க மச்சான். மெஷினு பொய் சொல்லாது."

அது உண்மை. நான் சொன்னதைத்தான் அது சொன்னது. கார் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவள் போய்விட்டாள்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மூடநம்பிக்கை என்ற வார்த்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அது நிறைய.

நேற்றே வந்திருப்பேன். எனக்குச் சந்திராஷ்டமம். தேதியைச் சரியாக வைத்துத்தான் பார்த்தேன்.