நாலு கிட்னிக்காரன்

தம்பி: கொஞ்சம் தள்ளி உக்காருக்கா. உன் மேல இருந்து கதிர்வீச்சு வருது.

அக்கா: உனக்கு மட்டும் என்ன, பன்னீரா ஏத்துனாங்க? அதே ஊசி, அதே மருந்து, போட்டதும் அதே பொண்ணு. நீ தள்ளிப் போ.

தம்பி: எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு.

அக்கா: புள்ளைங்க வீட்டுல இருக்கு. இங்க நான்தான் இருக்கேன். சாயங்காலம் வரைக்கும் குழந்தைங்களைத் தூக்காதீங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல போகாதீங்கன்னுதான் சொன்னாங்க. கூடப் பிறந்தவ பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு சொல்லல.

தம்பி: சொல்லியிருக்கலாம்.

அக்கா: வாயைப் பாரு. உள்ள அந்தக் கட்டில்ல படுத்திருக்கும்போது இந்த வாய் எங்க போச்சு? வெளிய வர்றப்ப மூஞ்சி வெளுத்துல்ல இருந்துச்சு.

தம்பி: அது கட்டிலா அது? பலகை. மேல ஒரு கேமரா, கீழ ஒரு கேமரா, நடுவுல நான். "ஆடாதீங்க சார், அசையாதீங்க சார், அரை மணி நேரம்தான் சார்"... பொணத்துக்குக் கூட இவ்வளவு சட்டதிட்டம் கிடையாது.

அக்கா: எனக்கும் அதே பாட்டுதான். ஊசி ஏறுனதும் திரையில ரெண்டு கிட்னியும் பளிச்சுனு தெரியுமாம். மருந்து எந்தக் கிட்னி வழியா எவ்வளவு வேகமா இறங்குதுன்னு கணக்கு எடுப்பாங்களாம். அப்புறம் நடுவுல இன்னொரு ஊசி... ஒண்ணுக்கு வர்றதுக்கு.

தம்பி: அதுக்கு எனக்கு ஊசியே வேண்டாம். அண்ணன் கூப்பிடுறாருன்னு சொன்னாலே வந்துரும்.

அக்கா: சிரிக்காத. மேல மாடியில படுத்துக் கெடக்கறாரு மனுஷன். ரெண்டு கிட்னியும் போய், ரத்தத்தை மிஷினுல கழுவிக் கழுவி ஏத்தி... கையில ஊசி குத்த இடமே இல்லாமப் போச்சாம். இதுக்கு மேல தள்ளிப் போட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

தம்பி: படுத்துக் கெடந்தும் அதிகாரம் குறைஞ்சுதா? "ரெண்டு பேரையும் வரச் சொல்லு. ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். யாருது நல்லா வேலை செய்யுதோ அதை எடுத்துக்கறேன்." கத்திரிக்காய் பொறுக்கற மாதிரி. ஒரு வார்த்தை, "தம்பி, குடுப்பியாடா"ன்னு கேட்டாரா?

அக்கா: அவரு எதைக் கேட்டுச் செஞ்சாரு? என் கல்யாணத்தையே என்கிட்ட கேட்டுச் செய்யல.

தம்பி: மாமாகிட்டயும் கேட்கல. கேட்டிருந்தா மனுஷன் தப்பிச்சிருப்பாரு.

அக்கா: அடி வாங்கப் போற. இந்த ஊசி குத்துன கையாலயே குடுப்பேன்.

தம்பி: குடு. கதிரோட சேர்ந்து விழட்டும்.

அக்கா: சரி, விளையாட்டை விடு. உன்னுதுதான் நல்லா இருக்குன்னு வந்துச்சுன்னு வை... குடுப்ப இல்ல?

தம்பி: என்னக்கா இப்படிக் கேட்டுட்ட? சட்டையைக் கழட்டிட்டு நிப்பேன். எங்க வெட்டணும்னு நானே கோடு போட்டுக் காட்டுவேன். உன்னுது வந்தா?

அக்கா: அடுத்த நிமிஷம் படுத்துருவேன். யோசிக்கவே மாட்டேன்.

தம்பி: யோசிக்கற பழக்கம் உனக்கு எப்பவும் இருந்ததில்லையே.

அக்கா: நான் உன்னை மாதிரி இல்லடா. ஊசின்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளியற ஆளு நீ. காலைப் புடிச்சு இழுத்து வெளிய போட்டதே அண்ணன்தான்.

தம்பி: நீ பல்லு புடுங்கப் போன இடத்துல டாக்டர் கையைக் கடிச்சவ. அந்த மனுஷன் உன் பல்லை விட்டுட்டுத் தன் கைக்கு மருந்து போட ஓடுனாரு. அப்பவும் மன்னிப்புக் கேட்டது அண்ணன்தான்.

அக்கா: அது... அவருக்கு எல்லாத்துலயும் முன்னாடி போய் நிக்கணும்.

அண்ணி: என்ன, ரெண்டு பேரு சத்தமும் மாடிப்படி வரைக்கும் கேட்குது? இந்தாங்க தண்ணி. குடிக்கக் குடிக்கத்தான் மருந்து உடம்பை விட்டு வெளிய போகுமாம்.

அக்கா: அய்யோ அண்ணி, நீங்க எதுக்கு உள்ள வர்றீங்க? கதவுல மஞ்சள் பலகை போட்டிருக்கு பாருங்க. ஊசி போட்டவங்க மட்டும்தான் இந்த ரூமுல உக்காரணுமாம்.

அண்ணி: பரவாயில்ல. ஒரு நிமிஷம் நின்னா ஒண்ணும் ஆகாது.

தம்பி: விடுக்கா. அண்ணிக்கென்ன, ஊசியா, கத்தியா? துணைக்கு வந்தாங்க, பாட்டிலைக் குடுத்தாங்க, முடிஞ்சுது.

அண்ணி: ஆமா. எனக்கென்ன. குடிங்க தம்பி.

தம்பி: இன்னுமா? காலையில இருந்து குடிச்சுக் குடிச்சு வயிறு குடம் மாதிரி இருக்கு.

அக்கா: எனக்கும்தான். ஸ்கேனுக்கு முன்னாடி முழு பாட்டிலும் குடிச்சுடணும்னாங்களே, ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. நடந்தா உள்ள சலசலங்குது.

அண்ணி: அப்படியா... அப்ப படம் நல்லா வந்திருக்கும்.

அக்கா: வராம எங்க போகும்? அண்ணன் எப்படி இருக்காரு?

அண்ணி: காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. "அதுங்க வந்துடுச்சா, வந்துடுச்சா"ன்னு ஒரே கேள்வி. வந்துட்டாங்க, ஊசி போட்டாச்சுன்னு சொன்ன பிறகுதான் அரை ரொட்டி உள்ள போச்சு. உங்க ரெண்டு பேரு பேரையும் நர்சுகிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு.

தம்பி: பேரையா? என்னன்னு?

அண்ணி: என் தம்பி தங்கச்சி வந்திருக்குன்னு. வேற என்ன சொல்லுவாரு... இருங்க, அந்த ஸ்கேன் பொண்ணு என்னைக் கை காட்டிக் கூப்பிடுது. கேட்டுட்டு வந்துடறேன்.

தம்பி: போயாச்சா?

அக்கா: போயாச்சு. பார்த்தியா அந்தப் பொண்ணை? நம்மகிட்ட மூஞ்சியைக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டிருந்தா. அண்ணியைப் பார்த்ததும் பல்லு தெரியுது.

தம்பி: இவங்க ஆஸ்பத்திரியிலயே குடித்தனம் நடத்தறாங்கல்ல. வாட்ச்மேன் வரைக்கும் பழக்கம்.

அக்கா: குடித்தனம் நடத்தி என்ன புண்ணியம்? கட்டின புருஷன் இப்படிக் கெடக்கறாரு. ஒரு தடவையாவது "என்னுதை எடுத்துக்கங்க"ன்னு வாயைத் திறந்தாங்களா?

தம்பி: எதுக்குத் திறக்கணும்? ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேங்கற கதைதான். நம்ம வயித்துல இருக்கறதை எடுத்து அவங்க புருஷனுக்குப் பரிமாறப் பாக்கறாங்க.

அக்கா: அறுக்கறதுன்னா கூடப் பிறந்தவங்க. தண்ணி பாட்டில் தூக்கறதுன்னா அவங்க. வந்தவ எப்பவும் வந்தவதான்டா. ரத்தம் துடிக்கணும்னா நமக்குத்தான் துடிக்கணும்.

தம்பி: துடிக்குதா?

அக்கா: ஏன் துடிக்காம?

தம்பி: சும்மா கேட்டேன்... அந்தத் தண்ணி, முழு பாட்டிலும் நிஜமாவே குடிச்சியா?

அக்கா: அதை எதுக்கு இப்பக் கேட்கற?

தம்பி: கை கழுவற தொட்டியில யாரோ பாட்டிலைக் கவுத்துக்கிட்டிருந்தாங்க. முதுகு உன் முதுகு மாதிரியே இருந்துச்சு.

அக்கா: பாட்டிலைக் கழுவுனேன்.

தம்பி: உள்ள இருந்த தண்ணியை வெச்சேவா?

அக்கா: ஆமாண்டா, சுத்தமா இருக்கட்டுமேன்னு... இரு. பெண்கள் பக்கத் தொட்டிகிட்ட உனக்கு என்ன வேலை? கையில உன் பாட்டிலும் இருந்திருக்கணுமே?

தம்பி: இருந்துச்சு.

அக்கா: நிறையவா, காலியாவா?

தம்பி: எங்க பக்கத் தொட்டியில ஆள் இருந்தாங்க. அதான் இந்தப் பக்கம்... நானும் கழுவலாம்னு.

அக்கா: த்தூ. சட்டையைக் கழட்டிட்டு நிப்பானாம்.

தம்பி: நீ அடுத்த நிமிஷம் படுத்துருவியாம்.

அக்கா: மெதுவாப் பேசு. வர்றாங்க.

அண்ணி: ரெண்டு பேரு படமும் சரியா வரலியாம்.

அக்கா: அய்யய்யோ. கிட்னி கெட்டுப் போச்சாமா? எடுக்க முடியாதாமா?

தம்பி: வேண்டாம்னே சொல்லிட்டாங்களா? சே... எவ்வளவு ஆசையா வந்தோம்.

அண்ணி: கிட்னி எப்படி இருக்குன்னு பார்க்கவே முடியலியாம். ஏம்மா, உன் உடம்புல தண்ணியே இல்லியாம். வறண்டு போய் கெடந்தா மருந்து உள்ளயே தேங்கி நிக்குமாம். திரையில மருந்தோட கோடு மேல ஏறுனது ஏறுனதுதான், இறங்கவே இல்லியாம். "இந்தம்மா பாட்டிலைத் திறந்து பார்த்ததோட சரி"ன்னு அந்தப் பொண்ணு திட்டுது.

அக்கா: நான் குடிச்சேனே. வேர்த்து வேர்த்தே போயிருக்கும்.

அண்ணி: ஏசி ரூமுலயா?

தம்பி: க்கும்... மன்னிச்சுக்கக்கா, சிரிப்பு வந்துருச்சு.

அண்ணி: நல்லாச் சிரிங்க தம்பி. உங்களுக்கு நாலு கிட்னி தெரியுதாம்.

தம்பி: நாலா?

அண்ணி: அசையாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்கல்ல? இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, நெளிஞ்சுக்கிட்டே இருந்தீங்களாம். ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல விழுந்து, ரெண்டு நாலா நிக்குது.

தம்பி: மூக்கு அரிச்சுது அண்ணி.

அக்கா: மூக்கு அரிச்சா இடுப்பை எதுக்குடா ஆட்டுன?

அண்ணி: நாலு தெரிஞ்சும் ஒண்ணு குடுக்க மனசு வரல.

தம்பி: அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணி. மிஷின் கோளாறா இருக்கும். பழைய மிஷின் மாதிரிதான் தெரிஞ்சுது.

அண்ணி: உங்களுக்கு முன்னாடி படுத்தவங்களுக்கும் அதே மிஷின்தான். அவங்களுக்கு ரெண்டுதான் தெரிஞ்சுதாம்... நாளைக்கு மறுபடி வரணும். அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு பார்க்கப் பார்க்கத் தண்ணி குடிக்கணுமாம். தம்பியைப் பட்டை போட்டுக் கட்டிலோட கட்டுவாங்களாம்.

அக்கா: நாளைக்குமா?

தம்பி: கட்டறதா? நான் என்ன கன்னுக்குட்டியா?

அக்கா: அண்ணி... பக்கத்து வீட்டுக்காரி அப்படிச் சொல்லலியே. தண்ணி குடிக்காமப் போனா கிட்னி மோசம்னு காட்டும், ஒரேயடியா வேண்டாம்னு அனுப்பிருவாங்கன்னுல்ல சொன்னா.

தம்பி: உனக்குப் பக்கத்து வீடா? எனக்கு ஆபீஸ்ல ஒருத்தன். ஆடுனா படம் கெடும், படம் கெட்டா ஆளை ஒதுக்கிருவாங்கன்னான். தண்ணியைக் கொட்டறதுக்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

அக்கா: பெருமையா வேற சொல்லு.

அண்ணி: எவ்வளவு பாடு பட்டிருக்கீங்க ரெண்டு பேரும். வீட்டுலயே இருந்துக்கிட்டு "மாட்டேன்"னு ஒரு போன் போட்டிருக்கலாம். ஊசி வலியாவது மிச்சமாகியிருக்கும்.

அக்கா: எப்படி அண்ணி சொல்ல முடியும்? அவரு கேட்டா மாட்டேன்னு யாரு சொல்லியிருக்கோம், இத்தனை வருஷத்துல? பயமா இருக்கு அண்ணி. அதுதான் உண்மை. ஒரு வாரமாத் தூக்கம் இல்ல, கண்ணை மூடுனா கத்திதான் தெரியுது. அவரு செத்துடுவாரோன்னும் பயமா இருக்கு, நான் செத்துடுவேனோன்னும் பயமா இருக்கு. மிஷினே வேண்டாம்னு சொல்லிட்டா...

தம்பி: யாரும் நம்மளைக் காறித் துப்ப மாட்டாங்க. அவரும் கோவிச்சுக்க மாட்டாரு. நானும் அதைத்தான் நெனச்சேன்.

அண்ணி: அப்ப ரெண்டு பேரும் குடுக்க மாட்டீங்க. வாயைத் திறந்து சொல்லுங்க தம்பி. சும்மா தலையை ஆட்டாதீங்க, இதுவும் நாலாத் தெரியும்.

தம்பி: மாட்டேன் அண்ணி.

அண்ணி: நீ?

அக்கா: என்னால முடியாது அண்ணி. மாட்டேன்... ஆனா அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மிஷின் ரிப்பேர்னு சொல்லுங்க. இல்ல, எங்களுது பொருந்தலன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு.

அண்ணி: பொய் சொல்றதுக்கும் நான்தானா?

தம்பி: கோவப்படாதீங்க அண்ணி. உங்களுக்குப் பேசறது சுலபம். போறது எங்க உடம்புல இருந்துதானே? உங்ககிட்ட யாராவது வந்து குடுன்னு கேட்டாங்களா?

அண்ணி: யாரும் கேட்கல. நானாத்தான் போன மாசமே போய் அதே பலகையில படுத்தேன். எல்லாம் பொருந்திடுச்சு, டாக்டர் எப்ப வேணும்னாலும் செய்யலாம்னுட்டாரு. உங்க அண்ணன்தான் ஒத்துக்கல. "நீ எதுக்கு உடம்பை அறுத்துக்கணும், என் கூடப் பிறந்ததுங்க ரெண்டு இருக்கு, அதுங்க என்னை விட்டுடாது"ன்னு ஒரே பிடிவாதம். அதுங்களே மாட்டேன்னு சொன்னாத்தான் என்னுதைத் தொடுவாராம். இப்பச் சொல்லிட்டீங்க. எழுந்து வாங்க, மேல வந்து அவரு முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிட்டுப் போங்க. அவரு உயிர் பிழைக்க உங்ககிட்ட இருந்து வேண்டியது அவ்வளவுதான்.