காத்தானுக்கு நான் கொடுத்த வரவேற்பு

காப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் இப்படி ஒரு டிகாக்‌ஷன் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

காத்தானைப் பற்றித்தானே? தாராளமாகச் சொல்கிறேன். அவனைப் பற்றிப் பேசுவதே எனக்குச் சந்தோஷம். என் மதகடி நிலத்தை வாரத்துக்கு உழுது விளைச்சலில் பங்கு வாங்கிய வீரையனின் மகன். பட்டாளத்தில் சேர்ந்து, போன வருஷச் சண்டையில் ஊர்ப் பெயரை டெல்லி வரை கொண்டுபோனவன். எல்லையில் ஒரு கால்வாய். அக்கரையிலிருந்து எதிரியின் மெஷின்கன் சுட்டுக்கொண்டே இருக்க, இவனுடைய கம்பெனி தலைதூக்க முடியாமல் கிடந்திருக்கிறது. நம் ஆற்றில் நீந்தி வளர்ந்தவன் அல்லவா, முங்கியே அக்கரை சேர்ந்துவிட்டான். முழங்காலில் குண்டு வாங்கியும் தவழ்ந்துபோய், சுடுகிற துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பிடித்து இழுத்தானாம். உள்ளங்கை வெந்துபோனது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஜனாதிபதி கையால் வீர் சக்ரா.

அவன் ஊர் திரும்பிய அன்று சீர்காழியிலிருந்து நாயனம் வரவழைத்தவன் நான். வேட்டு, சர்க்கரைப் பொங்கல், என் வில்வண்டியில் ஊர்வலம். மேடையில் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவனை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை ஊன்றுகோலோடு வந்தான். முன்பெல்லாம் கொல்லைப்பக்கம் நின்று "ஆண்டே" என்பவன், நேரே கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சார், அப்பா உழுத நிலத்தைக் குத்தகைப் பதிவுல ஏத்தணும். அதான் சட்டம் வந்திருக்கே. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போலாம்னு வந்தேன்."

நான் சட்டத்தை மதிப்பவன். கோபமே வரவில்லை. "வாப்பா, நிலத்தைப் பாத்துக்கிட்டே பேசுவோம்" என்றேன்.

ஆடி வெள்ளம் மதகில் சுழித்து ஓடியது. மதகின்மேல் போட்டிருந்த பலகையில் இருவரும் நின்றோம். "அடுத்த குறுவைக்கு ஏடிடி இருபத்தேழு நெல்லு போட்டுப் பாக்கணும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். விவரமான பையன். ஊன்றுகோலைக் காலால் தட்டிவிட்டேன். நீச்சல்காரன்தான், ஆனாலும் மடங்காத முழங்காலோடு மதகுச் சுழலில் என்ன செய்வான்? ஒரு கை மட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டது. கொதிக்கிற குழலையே விடாத கை அது. செருப்புக் காலால் கொஞ்ச நேரம் மிதிக்க வேண்டியிருந்தது.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சாதித் திமிர், நில ஆசை என்றெல்லாம் எழுதாதீர்கள். உயிரோடு இருந்திருந்தால் குத்தகை, கோர்ட்டு என்று அலைந்து அவன் பெயரே கெட்டிருக்கும். இப்போது பாருங்கள், பட்டாளத்து மரியாதை, தேசியக்கொடி, ஊரே கும்பிட்டது. பந்தல்கூட நான் போட்டதுதான். அவ்வளவு அழகான சாவு எங்கள் ஊரில் யாருக்கும் வாய்த்ததில்லை.

அவன் பெண்டாட்டி செவ்வந்தி வயலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். பார்த்திருப்பாள். நல்ல பெண், பாவம். என்னிடம் பயப்பட வேண்டாம், வழக்கம்போல நடவுக்கு வரட்டும். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.