ஆணியை மறைத்து நின்றவன்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, இதுவரை எழுந்த கூச்சலையெல்லாம் தனியொருவராய்த் தாங்கிக்கொண்டிருக்கும் பள்ளிக் குழுத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் சிவக்க வீற்றிருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை மடியிலும், பிள்ளையின் படிப்பை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! சுவரோரம் சாய்ந்து, ‘இந்தக் கிழவன் எப்போது முடிப்பான்’ என்று இப்போதே அலுத்துக்கொள்ளும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும், எழுத்தறியாத இந்த மைக்செட்காரனின் தலை தாழ்ந்த வணக்கம்.

மரியாதைக்காகத் தாழ்ந்த தலை என்று எண்ணிவிடாதீர்கள். வெட்கத்தால் தாழ்ந்த தலை இது.

ஆயுள் முழுதும் மேடை மேடையாக மைக் கட்டினேன். அதில் நான் பேசியதெல்லாம், “ஒண்ணு, ரெண்டு, மூணு... கேக்குதா?” என்பது மட்டும்தான். சிரியுங்கள், பரவாயில்லை. நான் எதையும் படித்ததில்லை; ஆனால் காதில் விழுந்த எதையும் மறந்ததில்லை. அதனால்தான் சென்ற வியாழக்கிழமை கேட்ட ஒரு சத்தம் இன்னும் என் காதைவிட்டு இறங்கவில்லை.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஒன்றாம் வகுப்பு டீச்சரை அனுப்பிவிடச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். இந்த ஆண்டுதான் வேலைக்கு வந்த பெண். இன்று நாம் வேண்டாம் என்றால் நாளை அவருக்கு வேலை இல்லை. அப்படி என்ன குற்றம் செய்தார்? பள்ளி திறந்து இரண்டு வாரமாகியும் ஓர் எழுத்தைக்கூடக் கற்பிக்கவில்லையாம்! வேறு என்ன கற்பித்தார்? செருப்பை எங்கே கழற்றுவது என்று கற்பித்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் காத்திருப்பது என்று கற்பித்தார். தண்ணீர் சிந்தினால் துணி எங்கே, வாளி எங்கே, யார் எடுப்பது, யார் துடைப்பது என்று பழக்கினார். பழக்கியதையே மறுபடியும் பழக்கினார்.

நம் டெய்லர் தம்பி தெருவில் நின்று முழங்கியது நினைவிருக்கிறதா? “எம் பொண்ணு வீட்டுக்கு வந்து கதவைச் சத்தமில்லாம சாத்துறா தாத்தா! இதுக்கா அவளைப் பள்ளிக்கூடம் அனுப்புறேன்?” என்றார். கேட்டவர்கள் கொதித்தோம். கொதித்தவர்களில் நானும் ஒருவன். என் பேத்தியும் அதே வகுப்புதான்.

என்ன தம்பி? “விஷயத்துக்கு வாங்க” என்கிறீர்களா? வருகிறேன். வரத்தான் கால் கூசுகிறது.

வியாழக்கிழமை காலை, நியாயம் கேட்கப் புறப்பட்டோம். டெய்லர் தம்பி, மருந்துக்கடைக்காரர், நான், இன்னும் சிலர். வகுப்பு நடக்கும் நேரம் என்று தெரியாதா? தெரியும். வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும் என்று தெரியாதா? அதுவும் தெரியும். வரிசையாகக் கழற்றி வைத்திருந்த சின்னஞ்சிறு செருப்புகளை மிதித்துக்கொண்டு, நம் பெரிய செருப்புகளோடு உள்ளே போனோம். டீச்சரைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு கேள்வி! பதில் சொல்ல அவர் வாய் திறக்கும்போதெல்லாம் இன்னொரு கேள்வி! நான் கால்வலிக்காரன், கதவோரச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

அப்போது ஒரு குழந்தை எழுந்து என் முன்னால் வந்து நின்றது. யார் வீட்டுக் குழந்தை என்று சொல்லமாட்டேன். நீங்களும் திரும்பித் தேடாதீர்கள்! அது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. “போம்மா, போய் உக்காரு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?” என்றேன். போனது. மறுபடியும் வந்தது. “சொன்னாக் கேக்க மாட்டியா?” என்று அதட்டினேன். அங்கேயே நின்றது. நின்றபடியே பாவாடையை நனைத்துவிட்டது.

அவையோரே! அந்த அறையில் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. சிரித்தது யார்? ஆறு வயதுப் பிள்ளைகளா? இல்லை! ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் நாங்கள். முதலில் சிரித்தது யார் என்று ஆராய வேண்டாம். நான் சிரித்தேன், என் மானம் போக அது போதும்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பொடியன் எழுந்தான். “தண்ணி சிந்திடுச்சு டீச்சர். நான் தொடைக்கிறேன்” என்றான். தண்ணீர் என்றான் ஐயா, தண்ணீர்! ஒருத்தி வாளி கொண்டு வந்தாள். என் பேத்தி அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் தங்கள் சிலேட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். துணியோடு வந்த பொடியன் எங்களை நிமிர்ந்து பார்த்து, “கொஞ்சம் நகந்துக்கிறீங்களா?” என்றான். நகர்ந்தோம். நகர்ந்து, நகர்ந்து, வெளியேயே வந்துவிட்டோம்.

அன்று மாலை பேத்தி என்னிடம் பேசவில்லை. நானே போய், “ஏம்மா, அந்தப் பாப்பா கேட்டிருந்தா வழி விட்டிருப்பேனே?” என்றேன்.

“கேக்க வேணாம் தாத்தா. ஆணியில மரத்துண்டு தொங்கும். ஒண்ணுக்கு வந்தா அதைக் கழுத்துல மாட்டிட்டுப் போயிட்டு வரலாம். யாரும் யாரையும் கேக்க வேணாம், யாரும் வெக்கப்பட வேணாம்னு டீச்சர் சொன்னாங்க. நீங்கதான் அந்த ஆணிய மறைச்சுட்டு நின்னீங்க.”

அவள் விடவில்லை.

“எல்லாரும் ஏன் தாத்தா சிரிச்சீங்க?”

“தெரியாம சிரிச்சிட்டோம்மா.”

“உங்களுக்கு யாரும் சொல்லித்தரலையா?”

“தாத்தா பள்ளிக்கூடமே போகலையேம்மா.”

“மருந்துக்கடை மாமா போயிருக்காரே?”

மருந்துக்கடைக்காரரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், குழந்தை கேட்டதைச் சொன்னேன். உங்களிடம் பதில் இருக்கிறதா?

எழுத்து எங்கே என்று கேட்டோமே, எழுத்து எங்கே ஓடிவிடும்? இன்று வரும், நாளை வரும். வந்தும்விட்டது, திங்கட்கிழமை முதல் பிள்ளைகள் எழுதுகிறார்கள், எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்தவன் அவமானத்தைத் தண்ணீர் என்று சொல்லும் அந்த ஒரு சொல் எந்த வயதில் வரும்? எழுபது வயதைத் தாண்டியும் எனக்கு வரவில்லையே! பழக்கம் என்று நாம் பரிகசித்தோம். அது பண்பு என்று பிள்ளைகள் காட்டினார்கள். விதி என்று நாம் வெறுத்தோம். அது ஒரு குழந்தையின் மானத்துக்குப் போட்ட வேலி என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வேலியை மிதித்தவர்கள் நாம். மனுக் கொடுத்தவர்களும் நாமே!

தலைவர் அவர்களே, அந்த மனுவில் என் கைநாட்டு இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு கோடு கிழித்து அடித்துவிடலாம். கைரேகையை எப்படி அழிப்பது? எனக்குத் தெரியவில்லை. அதனால் வாயால் சொல்கிறேன், எல்லோரும் கேட்கச் சொல்கிறேன்: அது என் கைநாட்டு அல்ல, என் அறியாமையின் கறை. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

“மத்தவங்க கையெழுத்து?” என்கிறாரா யாரோ? அது அவரவர் மனச்சாட்சி ஐயா. நான் எப்படிச் சொல்வேன்?

ஒன்று மட்டும் சொல்வேன். கூட்டம் தொடங்கிய நேரத்திலிருந்து டீச்சரைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டோம். அதோ, அந்தத் தூணருகே அவர் நின்றுகொண்டிருக்கிறார். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. பேசு என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் நேரம் இருந்தால், அது அவருடையது. டீச்சரம்மா, மேலே வாங்க. நீங்க பேசுங்க, நாங்க கேக்கறோம்.

எழுத்தறியாதவனுக்கும் இடம் தந்த தலைவருக்கும், இடையில் எழுந்து போகாத உங்களுக்கும் நன்றி சொல்லி, இன்னமும் நிமிராத தலையோடு இறங்குகிறேன். வணக்கம்.