ஒரே ஊசியில்

நகரியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் சொன்னார்: "எங்க தாளையும் உங்க தாளையும் ஒரே ஊசியில தைக்கணும், ஐயா."

அவர் பக்கத்தில் இருந்தவர் அவரைவிட மூத்தவர், ஊரில் நிலம் உள்ளவர். மடியில் ஒரு மனுக்கட்டு வைத்திருந்தார். தங்கள் கிராமத்தை ஆந்திராவிலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்கச் சொல்லி எல்லை அதிகாரியிடம் அதைக் கொடுக்கப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஊராரின் கையெழுத்துகள் சில தாள்களிலும், சேரியாரின் கைநாட்டுகள் சில தாள்களிலும் இருந்தன.

"ஊர் தாளைத் தைச்சு காலிகோ துணி அட்டை போட்டுக்கலாம், முனுசாமி. உங்களுதை டேக்கு கயித்துல கோத்து கூட வெச்சுடலாம்."

"டேக்கு அவுந்துடும்."

"யாரு அவுக்கப் போறான்?"

"யாரும் அவுக்க வாணாம். ஆபீசுல ஃபேன் போட்டா போதும்."

"தைச்சா உங்க தாளு கடைசிலதான் வரும்."

"கடைசின்னாலும் அட்டைக்குள்ள இருக்கும்."

"ஏன் சேத்து தைச்சேன்னு ஊர்ல நாலு பேரு என்னைக் கேப்பான்."

"நாங்க இல்லாம உங்களுக்கு ஆளு பத்தலன்னு சொல்லுங்க."

பெரியவர் சிரித்துவிட்டார். "சரிப்பா. சித்தூர்ல பைண்டர்கிட்ட சொல்லிடறேன். மூணு ஓட்டை, ரெட்டை நூலு."

"அவரு தைக்கறப்ப நான் கிட்ட நின்னுக்கினு இருக்கேன்."

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

"இருக்குது ஐயா. ஆனா எங்க தெருவுக்குப் போனா, கண்ணால பாத்தியான்னு என்னைத்தான் கேப்பாங்க."

பெரியவர் மனுக்கட்டைத் தூக்கி முனுசாமியின் மடியில் வைத்தார்.

"அப்போ நீயே புடி. பைண்டர்கிட்டயும் நீயே சொல்லு."