தொண்ணூற்றிரண்டு பவுண்டு ஸ்டெப்னி

அன்று மதியம் என் கணவன் வெண்டல் ஸ்டெப்னியை எடை போட்டான். எங்கள் வீட்டில் ஒழுங்காக நடந்த கடைசி வேலை அது.

குளியலறையில் இருந்த எடைக் கருவியைக் கராஜின் சிமெண்டுத் தரையில் வைத்தான். அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு ஸ்டெப்னியைப் படுக்க வைத்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். பிறகு டயரின் பக்கவாட்டில் வெள்ளைச் சாக்பீஸால் 92 என்று எழுதினான். ஒன்பதின் வால் நீளமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. புல் வெட்டும் இயந்திரத்துக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவில், சுவரோடு சாய்த்து நிறுத்தினான்.

"தொண்ணூத்திரெண்டு பவுண்டு. முழுசா ஒரு பொண்ணோட எடை."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"நீதான் நோரீன். நான் முதல்ல பாத்தப்ப."

கையில் இருந்த ஈரத்துணியால் அவன் முதுகில் அடித்தேன். கராஜ் கதவை இறக்கினோம். கிளம்பினோம்.

இந்தக் கதையை நான் நான்கு முறை கேட்டிருக்கிறேன். வீட்டை வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிறவர்கள் ஜனவரியில் அரிசோனா பாலைவனத்தில் கூடுகிறோம். இருட்டியதும் நெருப்பைச் சுற்றி நாற்காலிகள் நெருங்கும். போர்வைகள் வரும். யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது என் மச்சானோட சிநேகிதன் ஒருத்தனுக்கு நடந்தது" என்று ஆரம்பிப்பார்கள். ஒருவர் சொன்னதில் அந்தச் சாலை மொன்டானாவில் இருந்தது. இன்னொருவர் சொன்னதில் பனி கொட்டியது. ஸ்டெப்னி இல்லாமல் போனான், செத்தான் என்ற முடிவு மட்டும் மாறாது. உடனே சண்டை தொடங்கிவிடும். ஸ்டெப்னி வேண்டும் என்று பாதிப் பேர். ஏற்கெனவே வண்டி தாங்காத பாரம், அதையும் ஏன் சுமக்க வேண்டும் என்று மீதிப் பேர். நெருப்பு அணையும் வரை ஓயாது. நான் எழுந்து என் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

போன ஜனவரியில் எழுந்து போகவில்லை. ரோஸ்கோ என்ற பெரிய தாடிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் அந்த மனிதனோடு மனைவி இல்லை. ஒரு நாய் இருந்தது.

"அது மொன்டானா இல்ல, நெவாடா," என்றேன். "கூட இருந்ததும் நாய் இல்ல. நான்."

யாரோ நெருப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார்கள். நான் சொன்னேன். அதையே இங்கே எழுதிவைக்கிறேன். இதையும் யாராவது மாற்றிவிடுவார்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் லாரிகள் நிறுத்தும் இடத்தில் எங்கள் பிக்கப்பை எடை மேடையில் ஏற்றினோம். மேலே நாங்கள் தங்கும் கேம்பர் அறை, உள்ளே சாமான், தொட்டி நிறையத் தண்ணீர். வண்டி தாங்கும் என்று கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிட நானூற்றி எண்பது பவுண்டு அதிகம். வெண்டல் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சாமானாக எடை போட்டு, குளிர்பதனப் பெட்டியின்மேல் பட்டியல் ஒட்டினான். இரும்புச் சட்டி இருபத்திரண்டு. பாட்டரி அறுபது. என் புத்தகப் பெட்டி அறுபத்தொன்று. அந்தப் பெட்டிக்கு நேராகத்தான் அவன் பேனா நின்றது.

"அதைத் தொடாதே," என்றேன். "டயர் எல்லாம் வசந்தத்துலதானே மாத்தினே? புதுசு. பஞ்சரானா போன் போட்டா ஆள் வரான். ஸ்டெப்னிய எடுத்துக் கீழ வை."

இது எந்தக் கதையிலும் வருவதில்லை. யாருக்கும் தெரியாது. பிடிவாதக்காரன், கஞ்சன், அவனாகவே விட்டுவிட்டுப் போனான் என்றுதான் சொல்கிறார்கள். சொன்னது நான்.

அவன் அண்ணன் ஆர்லோ வழியனுப்ப வந்திருந்தான். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, சினை எருமை மாதிரி நிக்குது?" என்றான். பிறகு கீழே எட்டிப் பார்த்தான். "ஸ்டெப்னி எங்கடா?"

"கராஜ்ல."

"அடப்பாவி. நடுக்காட்டுல நின்னா என்ன பண்ணுவே?"

"இவ புத்தகம் படிச்சுக் காட்டுவா. நான் உக்காந்து கேப்பேன்."

மூன்றாம் நாள். அக்டோபர் கடைசி. நெவாடாவில் எழுபத்து நான்கு மைல் சரளைச் சாலை, நடுவில் ஓர் ஊர் கிடையாது. மாலை ஐந்து நாற்பது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது... ஒரு 'டொப்'. வண்டியின் பின்பக்கம் வலது புறம் உட்கார்ந்தது. இறங்கிப் பார்த்தோம். டயர் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஒட்டுப் போடுகிற கிழிசல் இல்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"காலையில யாராவது வருவாங்க," என்றான். "சூப் வை."

சூப் குடித்தோம். கிண்ணங்களைக் கழுவி அலமாரியில் அடுக்கினேன். அவன் போர்வையை இழுத்துக்கொண்டு, "சரி, படி. ஆர்லோகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்ல," என்றான். பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு அத்தியாயம். அவன் நன்றாக இருந்தான். இதை அழுத்திச் சொல்கிறேன்... ஸ்டெப்னி இல்லை. வெண்டல் நன்றாக இருந்தான்.

மணி எட்டேகால்.

தூரத்தில் சரளையின்மேல் ஏதோ உருண்டது. கர... கர... கர... நாங்கள் வந்த பக்கத்திலிருந்து. இன்ஜின் சத்தம் இல்லை. வெளிச்சம் இல்லை. நான்கு சக்கரத்தின் சத்தமும் இல்லை. ஒன்று. ஒன்றே ஒன்று.

படிப்பதை நிறுத்தினேன். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் நெருங்கியது. அவசரமே இல்லை. எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. பிறகு, மேசையில் சுழற்றிவிட்ட நாணயம் விழுமே, அது போல... வொப், வொப், வொப்வொப்வொப்... கனமாக விழுந்து அடங்கியது.

ஜன்னல் இடுக்கில் ஒரு வாசனை வந்தது. வெட்டிய புல். பெட்ரோல். பழைய பெயிண்ட். அந்தச் சாலையில் நூறு மைலுக்குப் புல்தரை கிடையாது.

வெண்டல் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். பிறகு சிரித்தான்.

"நோரீன், இங்க வா. வந்து பாரு."

டயர் படுத்துக் கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் சாக்பீஸ் எழுத்து. 92. ஒன்பதின் வால் நீளமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"தொடாதே," என்றேன்.

"நம்மளுதுதான்."

"நம்மளுது வீட்டுல இருக்கு."

"அப்ப இது என்ன?"

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"காலைல பாத்துக்கலாம் வெண்டல். இப்ப உள்ள வா. இன்னொரு அத்தியாயம் படிக்கறேன்."

"அவ்வளவு தூரம் வந்திருக்கு. காக்க வைக்கச் சொல்றியா?" அவன் குரலில் பயம் இல்லை. தொலைந்த நாய் திரும்பி வந்துவிட்டது போல அதைத் தட்டிக்கொடுத்தான்.

எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒரு விதி உண்டு. கேம்பருக்கு நான்கு மூலையிலும் நான்கு இரும்புக் கால்கள் இருக்கும். அவற்றை இறக்கி, பாரத்தைத் தரையில் தாங்கவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். அரை மணி நேரம் ஆகும். முப்பது வருடத்தில் வெண்டல் அதை மீறியதே இல்லை. மீறுகிறவர்களை முட்டாள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வான்.

"முதல்ல அந்த நாலு காலையும் இறக்கு," என்றேன்.

"ரெண்டு நிமிஷ வேலை. டார்ச்சப் பிடி."

பிடித்தேன். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்து, பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் இருந்த வண்டியின் ஒரு மூலையைத் தூக்கினான். வீல் நட்டுகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே கழற்றினான். எட்டு. கிழிந்த சக்கரத்தை இழுத்துப் போட்டான். ஸ்டெப்னியைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் சாய்த்து வைத்திருந்தான். நான் பார்த்தேன். டார்ச் என் கையில்தான் இருந்தது.

நட்டுகளைச் சக்கர மூடியில் போட்டுவிட்டுத் திரும்பினான். ஸ்டெப்னி அங்கே இல்லை.

வண்டிக்கு அடியில் இருந்தது. நடுவில். நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"நழுவிடுச்சு," என்றான். குனிந்து, கையை நீட்டி, தோள் வரை உள்ளே போனான்.

வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்... பலகை 'கிர்' என்றது. கேம்பருக்குள் சூப் கிண்ணங்கள் அலமாரியில் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்பிரிங்குகள் நீளமாக மூச்சு விட்டன.

கிண்ணம் ஒன்றுகூட உடையவில்லை.

இரவெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சரளையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மைல் முன்னால், நான்கு மைல் பின்னால் யாராவது இருந்தார்களா என்று தெரியாது. கத்திப் பார்த்தேன். புல் வாசனை விடியும் வரை இருந்தது.

காலை ஏழு பத்துக்குச் சாலையைச் சமன் செய்கிற வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் தொப்பியைக் கழற்றினார். தன் கோட்டை என்மேல் போட்டார். "வாரா வாரம் இதே நேரத்துக்கு வருவேன்மா," என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஏழு பத்து. வெண்டல் அப்போது காப்பி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கும் ஒரு கப் நீட்டியிருப்பான்.

நெடுஞ்சாலைக் காவலர் வந்து படங்கள் எடுத்தார். இளைஞர். மென்மையாகத்தான் பேசினார்.

"ஸ்டெப்னி இருந்துச்சு. சரி. ஆனா விடியற வரைக்கும் காத்திருக்கலாமே மேடம்?"

"எங்ககிட்ட ஸ்டெப்னி இல்ல."

அவர் வண்டிக்கு அடியில் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டார். அந்த அறிக்கை என்னிடம் இருக்கிறது. 'ஸ்டெப்னி: உண்டு.' படத்திலும் இருக்கிறது. ஆனால் மதியம் இழுவை வண்டிக்காரர் வந்து பிக்கப்பைத் தூக்கியபோது, கிழிந்த டயரை மட்டும்தான் பின்னால் ஏற்றினார். "வேற டயர் எதுவும் இல்லியே," என்றார். காவலர் சுற்றிச் சுற்றித் தேடினார்.

ஐந்து நாள் கழித்து ஆர்லோ என்னை வீட்டுக்கு அழைத்து வந்தான். கராஜ் கதவைத் தூக்கினான். புல் வெட்டும் இயந்திரத்துக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவில், சுவரோடு சாய்ந்து, நாங்கள் விட்ட இடத்திலேயே இருந்தது. சாக்பீஸ் கலையவில்லை. புது டயரின்மேல் முடி போல ரப்பர் முள் இருக்கும், தரையில் உருண்டால் முதல் மைலிலேயே தேய்ந்துவிடும். அது அத்தனையும் அப்படியே இருந்தது.

ஆனால் டயரின் பள்ளங்களில் கற்கள் சிக்கியிருந்தன. சாம்பல் நிறத்தில், கூர்மையாக. எங்கள் வீட்டு வாசல் முழுக்கச் சிமெண்டு.

"தூக்கிப் போட்டுட்டு வந்துடறேன் நோரீன்," என்றான் ஆர்லோ.

"எங்க போடுவே?"

அவன் யோசித்தான். பிறகு கதவை இறக்கினான்.

இதைத்தான் அன்று நெருப்புக்கு முன்னால் சொன்னேன். சொல்லி முடித்ததும் யாரோ என் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தினார்கள். இந்த ஒரு முறையாவது புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன்.

ரோஸ்கோ தாடியைத் தடவினார். "எப்படிப் பாத்தாலும்," என்றார் மெதுவாக, "ஸ்டெப்னி ஒண்ணு கூடவே வச்சிருக்கணும்னுதானே இதுல தெரியுது?"

"அதில்லங்க, ஜாக்கி," என்றது ஒரு குரல். "சரளையில பலகை போட்டா நிக்காது."

"கால இறக்கியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"நானூத்தியெண்பது அதிகமா? என் வண்டி அறுநூறு."

"ஸ்டெப்னி இல்லாத வரைக்கும் அவன் உயிரோட இருந்தான்," என்றேன். மறுபடி சொன்னேன். எந்த ஜாக்கி நல்லது என்ற பேச்சு சூடு பிடித்திருந்தது. எழுந்து வந்து வேனின் கதவைச் சாத்தினேன்.

வெண்டல் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வோர் அக்டோபர் கடைசியிலும் கராஜுக்குப் போகிறேன். ஸ்குரூ டிரைவரால் அந்தக் கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துத் தெருமுனைச் சாக்கடையில் போட்டுவிட்டு வருகிறேன். முதல் முறை எண்ணியபோது ஏழு இருந்தன.

இந்த அக்டோபரிலும் எடுத்தேன். ஏழு.