வீரன் பூட்டு

டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், சார். போட்டுவிட்டார்கள். பரவாயில்லை, குடிக்கிறேன். நான் சொல்வதை யாரும் காதில் வாங்காதது எனக்குப் பழகிப்போன விஷயம்தான். கரண்ட் போய் ரொம்ப நேரமாகிவிட்டது போலிருக்கிறதே, உங்கள் ஃபேன் சுற்றவில்லை.

முத்துவீரனை நீங்கள் விட்டுவிடலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆண்டிபட்டித் தோட்டத்தில் மாயக்காள் செத்ததற்கு அவனும் காரணமில்லை, அவன் பூட்டும் காரணமில்லை. எழுதுகிறவரைக் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் எழுதினால் முக்கியமானது விட்டுப்போகும்.

நானும் அவனும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் தேனியில் கடை பிடித்து, தோட்டத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டி செய்து விற்றோம். இந்தக் கரண்ட் வெட்டு வந்த பிறகு எங்களுக்கு நல்ல காலம். மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக விவசாயி மோட்டார் ரூமிலேயே காவல் கிடக்க முடியுமா? எங்கள் பெட்டி இருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். பெட்டிக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பதினாறு பிட் சிப். எதைப் பார்த்து, எப்போது மோட்டாரைக் கிளப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லும் புரோகிராம் முழுக்க நான் எழுதியது. தகரம் வளைப்பது, வயர் இழுப்பது, வாய் கிழியப் பேசி விற்பது அவன்.

தானாக ஓடுவதில் ஒரு ஆபத்து உண்டு. கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் பெல்ட்டைப் பிடித்திருக்கும்போது கரண்ட் வந்துவிட்டால்? மாயக்காளின் வீட்டுக்காரர் சங்கிலிக்கு அப்படித்தான் இரண்டு விரல் போனது. அது வேறு யாரோ செய்த பெட்டி. அதைக் கேள்விப்பட்டுத்தான் முத்துவீரன் எங்கள் பெட்டியில் ஒரு சாவி வைத்தான். சாவியைத் திருப்பிவிட்டால் மோட்டார் கிளம்பாது. "லைனையே வெட்டுற மாதிரி பெரிய சுவிட்சு போட்ருவமா மாப்ள?" என்று கேட்டான். தேவையில்லை, சாவியை என் புரோகிராம் பார்த்துக்கொள்ளும் என்றேன். வெறும் சாவிக்கு என்ன தெரியும்? ஆனால் பெட்டியில் ஒட்டிய பெயர் 'வீரன் பூட்டு'.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் கடை போட்டிருந்தோம். கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் என்னைக் காட்டி, "இவுக யாரு?" என்று கேட்டார். முத்துவீரன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நம்ம பயதேன். கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுக் குடுப்பான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது, சார். அவ்வளவுதான். வேறு பகை உண்டா என்று தோண்டாதீர்கள், கிடையாது.

இனிச் சொல்வதைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள். அசெம்பிளர் என்று ஒரு கருவி இருக்கிறது. நான் எழுதும் வரிகளைச் சிப்புக்குப் புரிகிற துண்டுகளாக மாற்றித் தரும். லிங்கர் என்று இன்னொன்று. அது துண்டுகளை ஒன்றாகக் கோர்க்கும். துண்டுகளைப் போட்டுவைத்திருக்கும் தொகுப்புகளில் எதில் முதலில் தேட வேண்டும் என்று நான் வரிசை சொல்ல வேண்டும். ஒரே பெயரில் இரண்டு தொகுப்பில் துண்டு கிடந்தால், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் போய்விடும். என்னிடம் இரண்டு தொகுப்பு இருந்தது, மோட்டாரைக் கிளப்பும் துண்டு இரண்டிலும் ஒரே பெயரில். பூட்டு வருவதற்கு முன்பு எழுதியது ஒன்று. அதற்குச் சாவி என்று ஒன்று இருப்பதே தெரியாது. பூட்டு வந்த பிறகு எழுதியது இன்னொன்று. நான் ஒரு வரியைக்கூடத் தப்பாக எழுதவில்லை. திருவிழா முடிந்து வந்து, பழைய தொகுப்பின் பெயரை முன்னால் போட்டேன். புதியதைப் பின்னால் போட்டேன்.

முத்துவீரன் ஒவ்வொரு பெட்டியையும் சோதித்துத்தான் அனுப்புவான். சாவியைத் திருப்புவான். மெயினை அணைத்து உடனே போடுவான். மோட்டார் கிளம்புவதைக் காட்டும் விளக்கு எரியாது. "பூட்டு நிக்கிது" என்று பெட்டியைத் தட்டிக்கொடுப்பான். ஆனால் கரண்ட் சும்மா கண் சிமிட்டிவிட்டு வந்தால் மோட்டாரைக் கிளப்பக் கூடாது என்று பழைய தொகுப்பிலேயே எழுதியிருக்கிறேன். அடிக்கடி நின்று கிளம்பினால் மோட்டார் எரிந்துபோகும் அல்லவா? அதனால் பூட்டு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவன் சோதனையில் விளக்கு எரியாது. நெடுநேரம் போய் வருகிற கரண்ட்டில்தான் பூட்டுக்கே வேலை. இது அவனுக்குத் தெரியாது. டைப் அடிக்கிறவன் எதற்குச் சொல்ல வேண்டும்?

விற்கிற இடத்தில் அவனிடம் ஒரு வித்தை உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு, கரண்ட் இல்லாமல் நிற்கிற பெல்ட்டின் மேல் தன் வலது கையை வைப்பான். "எங்கையவே வைக்கிறேன், பாத்துக்கங்க" என்பான். ஜனங்கள் அதில் மயங்கி வாங்குவார்கள்.

மாயக்காளின் மல்லிகைத் தோட்டத்துக்கு நானும் போயிருந்தேன். வழக்கமாக நான் போவதில்லை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. போர்வெல் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசருக்குப் பெரிய பெல்ட். முத்துவீரன் பெட்டியை மாட்டி, சாவியைத் திருப்பினான்.

"பெல்ட்டு தொளதொளன்னு கெடக்குண்ணே. இப்பவே இழுத்து மாட்டிருவோம், இங்கன வந்து பிடிங்க" என்று சங்கிலியைக் கூப்பிட்டான்.

"ஆள விடுப்பா. நான் அதத் தொட மாட்டேன்" என்று சங்கிலி தள்ளிப் போய் நின்றார்.

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எம்புட்டு நாளைக்குத்தேன் பயந்துக்கிட்டே கெடப்பீக? நான் பிடிக்கிறேன், பாருங்க" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"தைரியமாப் பிடிங்க ஆத்தா, பூட்டியாச்சு" என்ற முத்துவீரன் என் பக்கம் திரும்பி, "என்ன தங்கபாண்டி, மோட்டார் எந்திரிக்காதுல்ல?" என்று கேட்டான்.

"எந்திரிக்காது" என்றேன்.

வேறு என்ன சொல்வது? எந்திரிக்கும் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கரண்ட் அப்போதே வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மாயக்காள் பெல்ட்டைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. ஓடிப்போய் ஃபியூஸைப் பிடுங்கியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற இருவரும் அலறிக்கொண்டு நின்றார்களே தவிர ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ரத்தமெல்லாம் போய்விட்டது.

மாயக்காள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, சார். நல்ல பெண். வந்ததும் மோர் கொடுத்தார். நான் எதிர்பார்த்தது முத்துவீரனின் கையை. எத்தனையோ தோட்டத்தில் அது தப்பித்துக்கொண்டே இருந்தது. ஒரு கை போனால் ஆள் சாக மாட்டான். கடையில் என் பக்கத்தில் உட்காரவைத்து, மிச்சக் கையால் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்திருப்பேன்.

நீங்கள் மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தீர்கள். அவர் என் புரோகிராமை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, இதில் குறையில்லை, சாவிதான் பழுது என்று எழுதிக் கொடுத்தார். முத்துவீரனும் இங்கே உட்கார்ந்து, "தங்கபாண்டி எழுதுனதுல தப்பே வராதுங்க சார். சாவி என்னோடது, பழியும் என்னோடது" என்று சொல்லி அழுதானாம். ஏட்டையா சொன்னார். அதை அவன் திருவிழாவில் சொல்லியிருக்கலாம்.

மனசு கேட்காமல்தான் வந்தேன். செத்தவருக்கு நியாயம் கிடைக்க வேண்டாமா? ஒரு சாவி தேய்ந்து போனதால் செத்தார் என்று எழுதி மூடிவிட்டால் எப்படி? சாவிக்கு இவ்வளவு செய்யத் தெரியாது, சார்.

இன்னொன்று. சித்திரைக்குப் பிறகு போன பெட்டி எல்லாமே அதே வரிசையில் கோர்த்ததுதான். உத்தமபாளையம், கம்பம், லோயர் கேம்ப் வரைக்கும் போயிருக்கிறது. ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், ஃபேன் இன்னும் சுற்றவில்லையே, கரண்ட் வர நேரம் இருக்கும். அதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்த இன்ஜினியருக்குப் போன் போட்டு, லிங்கரின் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லுங்கள்.